ஆறு வாரப் படுக்கை: ஓர் இரங்கல்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் ஒருவர் போய்விட்டால் சுவரொட்டி அடிக்கிற கடையில் முதலில் கேட்பது இரண்டு தேதி. தோற்றம், மறைவு. நான் எழுத வந்திருக்கிற மறைவுக்குத் தோற்றத்தை 1912 என்று போடலாம். மறைவுக்குத்தான் ஒரே தேதி கிடையாது. 1952ல் பாஸ்டனில் அதற்கு முதல் அடி விழுந்தது. எழுபதுகளில் மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் நாடி தளர்ந்தது. நம்மூரில் அதற்குப் பிறகும் இழுத்துக்கொண்டு கிடந்து, யாருக்கும் சொல்லாமல் போய்ச் சேர்ந்தது. சாவுக்குக் கானா பாடி அனுப்புகிற வட சென்னையில்கூட அதற்கு ஒருவரும் பாடவில்லை. மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்கவிடாமல் வைத்திருந்த 'கம்ப்ளீட் பெட் ரெஸ்ட்'தான் மறைந்தவர்.

நாற்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. நெஞ்சுவலி என்று வந்தவருக்கு இ.சி.ஜி. எடுத்து மாரடைப்பு என்று தெரிந்துவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து அவர் எழுந்திருக்கக் கூடாது. எழுந்திருப்பது என்ன, தானாகப் புரண்டு படுப்பதற்கும் தடை. பல் தேய்ப்பது, சவரம், தலை வாருவது எல்லாம் இன்னொருவர் கையால். கஞ்சியை ஸ்பூனில் ஊட்டிவிடுவார்கள். மலஜலம் பெட்பேனில். லண்டனில் இதய மருத்துவத்தின் பெரியவராக இருந்த சர் தாமஸ் லூயிஸ், 1933ல் வந்த தன் பாடநூலில், நோயாளி தன்னிச்சையாக எந்த அசைவும் செய்துவிடாதபடி இரவும் பகலும் நர்ஸ் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். அந்தப் புத்தகம் படித்து வந்தவர்களிடம் படித்தவர்கள்தான் நம் ஊர் வார்டுகளிலும் ரவுண்ட்ஸ் வந்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் தண்டனை முடியாது. முன்னறையில் கட்டில், ஜன்னலுக்குத் திரை, ரேடியோ நிறுத்தம். பார்க்க வருகிறவர்கள் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வந்து, குரலைத் தாழ்த்திப் பேசி, சீக்கிரம் எழுந்து போவார்கள். "அப்பாகிட்ட எதையும் சொல்லிடாதே, தாங்க மாட்டார்" என்பது வீட்டுச் சட்டம். வாடகைப் பாக்கி, மகளின் காதல், தம்பியின் போலீஸ் கேஸ் எதுவும் கட்டிலை எட்டாது. தமிழ் சினிமா இந்தக் கட்டிலை வைத்து எத்தனையோ இடைவேளை விட்டிருக்கிறது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு "அதிர்ச்சியான விஷயம் எதுவும் இவர் காதுக்குப் போகக் கூடாது" என்று சொன்னதுமே, யார் வந்து அதைச் சொல்லப் போகிறார் என்று பார்வையாளருக்குத் தெரிந்துவிடும். முதல் அட்டாக் எச்சரிக்கை, ரெண்டாவது தப்பினால் அதிர்ஷ்டம், மூணாவதில் ஆள் காலி என்ற கணக்கும் அந்தக் காலத்துச் சொத்து. அப்படி ஒரு எண்ணிக்கை மருத்துவத்தில் இல்லை. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு தசை செத்தது என்பதுதான் கணக்கு. முதல் தடவையே பெரிதாகச் செத்தால் ரெண்டாவதுக்கு ஆள் இருக்க மாட்டார்.

இந்தப் படுக்கை மூடநம்பிக்கையிலிருந்து பிறக்கவில்லை. அதனால்தான் அதை ஒழிக்க அவ்வளவு காலம் ஆனது. 1912 வரை, இதய ரத்தக்குழாய் திடீரென்று அடைத்துக்கொண்டால் ஆள் அங்கேயே சாவார் என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் நினைத்தார்கள். சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக் அந்த ஆண்டு எழுதிய கட்டுரையில், அடைப்பு வந்தும் பிழைக்கிறவர்கள் உண்டு, அவர்களை உயிரோடு இருக்கும்போதே கண்டுபிடிக்க முடியும் என்று காட்டினார். பிழைத்தவரை என்ன செய்வது என்பதற்கு அவர் சொன்னது, சில நாள் முழு ஓய்வு. சில நாள்தான். அது சில வாரமாக ஊதியதற்குக் காரணம் 1939ல் பாஸ்டனில் மாலரி, பால் டட்லி வைட், சால்செடோ-சால்கர் மூவரும் வெளியிட்ட ஆய்வு. மாரடைப்பில் இறந்த 72 பேரின் இதயங்களை அறுத்து, அடைப்பு வந்து எத்தனையாவது நாளில் இறந்தார் என்பதை வைத்து வரிசைப்படுத்தி, செத்த தசை எப்படி ஆறுகிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள்.

பார்த்தது இன்றைக்கும் செல்லும். முதல் ஓரிரு நாளில் வெள்ளணுக்கள் வந்து குவியும். நாலாம் நாளிலிருந்து செத்த தசையைத் தின்று அகற்றுகிற வேலை நடக்கும். அந்த வாரத்தில்தான் அந்த இடம் மிகவும் மென்மையாக இருக்கும், கிழிந்துபோகிற ஆபத்தும் அப்போதுதான் அதிகம். பிறகு புதுத் திசு முளைத்து, நார் பின்னி, வாரக்கணக்கில் கெட்டியான தழும்பாக மாறும். சின்னக் காயத்துக்கு சுமார் 5 வாரம், பெரிய காயத்துக்கு 2 மாதம். இதயத் தசைக்குத் தோலைப் போலத் திரும்ப வளர்ந்துகொள்ளும் தெம்பு கிடையாது. 25 வயதில்கூட ஆண்டுக்கு நூற்றில் ஒரு செல் அளவுக்குத்தான் புதிதாகிறது என்று 2009ல் ஸ்டாக்ஹோமில் கண்டார்கள். போனது போனதுதான், மிஞ்சுவது தழும்பு.

தழும்பு கெட்டியாக ஆறு வாரம், அதனால் ஆறு வாரம் ஆடாமல் கிட. இதுதான் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எலும்பு முறிந்தவருக்கு மாவுக்கட்டு போடுகிறோமே என்று சொன்னால் யார் மறுப்பார்கள்? ஆனால் இதயத்துக்கு மாவுக்கட்டு போட முடியாது. ஆள் படுத்துக் கிடந்தாலும் அது நாளைக்கு லட்சம் தடவை அடித்துக்கொண்டுதான் இருக்கும். படுக்கையில் ஓய்ந்தது கால், தோள், நுரையீரல், குடல், மனசு.

இன்னொரு கோளாறு, எவ்வளவு தசை செத்தது என்று உயிரோடு இருக்கிறவரிடம் அளக்க அப்போது வழி இல்லை. மைக்ராஸ்கோப்பு செத்தவருக்குத்தான். 1954ல் நியூயார்க்கில் லாடூ, ரோப்லெவ்ஸ்கி, கார்மன் மூவரும் செத்த தசையிலிருந்து ரத்தத்தில் கசிகிற ஒரு நொதியைப் பிடித்தார்கள். பின்னாளில் லேப் ரிப்போர்ட்டுகளில் எஸ்.ஜி.ஓ.டி. என்று வந்தது அதுதான். அதற்குப் பிறகு சி.பி.கே., அதற்கும் பிறகு இன்றைய ட்ரோபோனின், எக்கோ. இவை வருவதற்கு முன், நகத்தளவு காயம் பட்டவருக்கும் உள்ளங்கை அளவு காயம் பட்டவருக்கும் ஒரே தீர்ப்பு. ஆறு வாரம்.

அந்த ஆறு வாரத்தில் கொன்றது எது? அசையாத காலில் ரத்தம் உறையும். உறைந்த கட்டி ஒருநாள் கிளம்பி நுரையீரலை அடைக்கும். அட்டாக்கிலிருந்து மீண்டவர் மூன்றாவது வாரம் பெட்பேனில் உட்கார்ந்த இடத்தில் சாய்ந்துவிடுவார். வீட்டில் "ரெண்டாவது அட்டாக்" என்று சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பெட்பேனையே 1950ல் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். படுத்தபடி பெட்பேனில் போவதற்கு ஆகிற சக்தி, கட்டிலோரம் இறங்கி கமோடில் உட்கார்ந்து போவதற்கு ஆவதைவிட அதிகம் என்று வந்தது. இதயத்துக்கு வேலை வைக்கக் கூடாது என்று செய்த ஏற்பாடே கூடுதல் வேலை வைத்திருக்கிறது. மலச்சிக்கலோடு பெட்பேனில் முக்கியவர் எவரும் இதை ஆராய்ச்சி இல்லாமலே சொல்லியிருப்பார்.

இன்னும் பெரிய சாட்சி டல்லாஸிலிருந்து வந்தது. 1966ல் 20 வயது மாணவர்கள் 5 பேரை, நோய் ஒன்றும் இல்லாதவர்களை, 3 வாரம் படுக்க வைத்தார்கள். உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு கால்பங்குக்கு மேல் சரிந்தது. அதே ஐந்து பேரை 30 ஆண்டு கழித்து 50 வயதில் மறுபடி அளந்தார்கள். முப்பது வருட மூப்பு அவர்களிடமிருந்து பிடுங்கியதைவிட, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை பிடுங்கியது அதிகமாக இருந்தது. அடிபட்ட இதயத்தோடு ஐம்பது வயதில் இரண்டு மடங்கு காலம் படுத்தவர் எழுந்து நடக்கும்போது ஏன் சுவரைப் பிடித்தார் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

முதல் அடியைக் கொடுத்தவர் சாமுவேல் லெவின், பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர். அவர் சொன்னது எளிமையானது. படுத்தால் காலிலுள்ள ரத்தமும் இதயத்துக்குத் திரும்பி வந்து பளு ஏற்றுகிறது. காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் கொஞ்சம் ரத்தம் கீழேயே தங்கும், இதயத்துக்குச் சுமை குறையும். ஆகவே முதல் நாளிலிருந்தே நாற்காலி. கையில் வேலையை எடுத்துக்கொண்ட இளைய டாக்டர் பெர்னார்ட் லவுன், லித்துவேனியாவிலிருந்து வந்த யூதர். நோயாளிகளைக் கட்டிலிலிருந்து இறக்கிய அவரைப் பார்த்து வார்டு டாக்டர்கள் நாஜி சல்யூட் அடித்தார்கள் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். கொலைகாரப் பரிசோதனை என்று கேலி. 1952ல் 81 பேரின் கணக்கை இருவரும் வெளியிட்டார்கள். நாற்காலி யாரையும் கொல்லவில்லை. எழுந்து உட்கார்ந்தவர்களின் முகமே தெளிந்துவிட்டது. இதே லவுன்தான் பிறகு தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்ச்சியால் சீராக்கும் கருவிக்கு இன்றைய உருவம் கொடுத்தார். அணுப்போருக்கு எதிராக டாக்டர்களைத் திரட்டினார். அந்த இயக்கத்துக்கு 1985ல் அமைதிக்கான நோபல் கிடைத்தது.

நாற்காலிக் கணக்கு வெளிவந்து மூன்றாண்டு கழித்து, 1955 செப்டம்பர் 24 அன்று, அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு டென்வரில் மாரடைப்பு. கவனிக்க வந்த இதய நிபுணர் பால் டட்லி வைட். ஆம், 1939ல் 72 இதயங்களை அறுத்துப் பார்த்தவர்களில் ஒருவர். அவரே அதிபரைப் படிப்படியாக நாற்காலிக்கும் நடைக்கும் கொண்டுவந்து, மறு தேர்தலில் நிற்கலாம் என்றும் சொன்னார். ஆஸ்பத்திரியில் இருந்த காலம் மட்டும் பழைய கணக்குப்படிதான், 7 வாரம். 1956ல் ஐசன்ஹோவர் ஜெயித்தார். அதற்குப் பிறகு 'அட்டாக் வந்தால் ஆயுசுக்கும் நோயாளி' என்று சொல்வது கொஞ்சம் கடினமாகிவிட்டது.

இதெல்லாம் பாஸ்டன், டல்லாஸ், டென்வர். வட சென்னையில் அந்தப் படுக்கை யாருக்குக் கிடைத்தது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

கப்பலிலிருந்து மூட்டை முதுகிலேயே இறங்கிய காலத்தில், ஹார்பரில் நூறு கிலோ மூட்டை சுமந்தவருக்கு மாரடைப்பு வந்தால் அவர் போகிற இடம் ஸ்டான்லி. 1782 பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றிய இடம் ஆஸ்பத்திரியாக வளர்ந்து, 1938ல் மருத்துவக் கல்லூரியாகவும் ஆனது. அதனால் அக்கம்பக்கத்துக் கிழவிகளுக்கு அது எப்போதும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரிதான். டாக் லேபர் போர்டில் பேர் பதிந்தவருக்கு, துறைமுகத் தொழிலாளர் வேலை பற்றிய 1948 சட்டத்தின் பலனாக, படுத்தாலும் வீட்டில் அடுப்பெரிய ஒரு வழி இருந்தது. ரயில்வேக்காரருக்குப் பெரம்பூர் ஆஸ்பத்திரி. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் லாரி, மோட்டார் சைக்கிள், டயர், தீப்பெட்டி செய்த கம்பெனிகளின் நிரந்தரத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. அல்லது கம்பெனி டாக்டர். இவர்களுக்கெல்லாம் டாக்டர் எழுதிய 'ஆறு வாரம்' என்பது செல்லுபடியாகிற காகிதம். ஃபோர்மேன் அதை மீறி வேலைக்குக் கூப்பிட முடியாது. இருபது வருடம் சுமந்தவர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சம்பளத்தோடு படுத்திருந்த ஆறு வாரமாகவும் அது இருந்திருக்கும்.

பேர் பதியாத கூலிக்கு, கட்டுமரத்தில் போனவருக்கு, மீன் கூடை சுமந்த பெண்ணுக்கு, அந்தப் படுக்கை வாயால் சொல்லப்பட்ட வைத்தியம் மட்டுமே. மூன்றாம் நாள் எழுந்து போய்விட்டார்கள். டாக்டர்கள் திட்டினார்கள். பெட்பேன் ஆராய்ச்சியையும் டல்லாஸ் ஆராய்ச்சியையும் வைத்துப் பார்த்தால், எழுந்து போனவர்களில் சிலர் அந்தக் கீழ்ப்படியாமையாலேயே பிழைத்திருக்கலாம். ஆனால் அவர்கள் எழுந்து போனது நடைப்பயிற்சிக்கு இல்லை, மூட்டைக்கு. மருத்துவம் அப்போது அந்த வித்தியாசத்தைச் சொல்லவில்லை. முழு ஓய்வு அல்லது முழு வேலை, நடுவில் ஒன்றும் இல்லை. ஆறு வாரப் படுக்கையின் மேல் எனக்குள்ள பெரிய குற்றச்சாட்டு இதுதான். படுக்க முடியாதவருக்கு அது எதையுமே விட்டுவைக்கவில்லை.

அது சாகத் தொடங்கியபோது வேறு கதை ஆரம்பமாகியிருந்தது. ராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில், 1975ல் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார். அடைத்த குழாய்க்கு மாற்றுப் பாதை. 1977ல் ரைமர், ஜென்னிங்ஸ் குழுவினர் நாய்களின் இதயக் குழாயை 40 நிமிடம், 3 மணி, 6 மணி என்று அடைத்துவைத்துத் திறந்து பார்த்தார்கள். தசை ஒரே அடியில் சாவதில்லை, உள்சுவரிலிருந்து வெளிப்பக்கமாக ஊர்ந்து சாகிறது, சீக்கிரம் திறந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று தெரிந்தது. 1986ல் இத்தாலியில் 11,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஜிஸ்ஸி ஆய்வு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டவர்களில் 21 நாளில் இறந்தவர்கள் 10.7 சதவீதம், போடாதவர்களில் 13 சதவீதம் என்று காட்டியது. வலி வந்த ஒரு மணி நேரத்துக்குள் போட்டவர்களுக்கு லாபம் பல மடங்கு. வாரக்கணக்கு முடிந்து நிமிடக்கணக்கு வந்தது அன்றுதான். செத்த தசை ஆறக் காத்திருப்பதைவிட, சாகவிடாமல் ஓடுவது மேல்.

அந்த ஓட்டத்தில் நாம் பின்தங்கியிருந்தோம். 2008ல் வெளிவந்த கிரியேட் ஆய்வு, நாடெங்கும் 89 ஆஸ்பத்திரிகளில் 20,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தது. பெரிய அட்டாக் வந்தவர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க ஆன நேரத்தின் நடுமதிப்பு 360 நிமிடம். ரைமரின் நாய்க்கணக்கில் ஆறு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். அதே ஆண்டு தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. பிறகு தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி முதலியோர், சின்ன ஆஸ்பத்திரியில் கரைக்கும் ஊசி போட்டு, அடுத்த நாளுக்குள் அடைத்த குழாயைத் திறக்கும் கேத் லேப் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முறையைத் தமிழ்நாட்டில் 2,420 பேரிடம் சோதித்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்களின் பங்கு 17.6 சதவீதத்திலிருந்து 14.2க்கு இறங்கியது. ஏழைகளுக்கான அரசு காப்பீடு இல்லாமல் இது நடந்திருக்காது. 2023ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் உட்பட 14 மாத்திரையை உடனே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

எல்லாம் நல்லது. படுக்கை செத்ததும் நல்லது, அதற்கு நான் கண்ணீர் விடவில்லை. ஆனால் பிணத்தோடு ஒரு நல்ல சாமானையும் சேர்த்துப் புதைத்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1939ல் மைக்ராஸ்கோப்பில் பார்த்த தழும்பு இன்றும் அதே வேகத்தில்தான் கெட்டியாகிறது. ஸ்டென்ட் வைத்தால் சாகிற தசை குறையும். செத்துப்போன பகுதி ஆறுவதற்கு அதே வாரங்கள் வேண்டும். இப்போது சிக்கல் இல்லாதவரை மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அனுப்பலாம், அது சரிதான். ஆனால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்பதை மூன்றாம் நாள் வேலைக்குப் போகலாம் என்று கேட்டுக்கொள்கிற காதுகள் வீட்டிலும் இருக்கின்றன, கான்ட்ராக்டரிடமும் இருக்கின்றன. "பைப்பு வெச்சாச்சு, இன்னாபா பிரச்சினை?" பழைய காலத்தில் அதிகமாகப் பயந்தார்கள். இப்போது பயமே இல்லாமல் போய்விட்டது. படிப்படியாக நடை, பிறகு மாடிப்படி, பிறகு பளு என்று ஆளை மீட்டெடுக்கும் மறுவாழ்வுப் பயிற்சிதான் படுக்கையின் சரியான வாரிசு. அதற்கு வாரத்தில் சில நாள் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். நாள்கூலிக்காரருக்கு வந்த நாளெல்லாம் கூலி போன நாள்.

சட்டத்தில் அந்த வாரங்களின் மிச்சம் இன்னும் கிடக்கிறது. இ.எஸ்.ஐ.யில் பேர் உள்ளவருக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவி உண்டு. அட்டாக்குக்குப் பிறகு இதயத்தின் பம்ப் பலம் 45 சதவீதத்துக்குக் கீழே போனால், நீண்டகால நோய்ப் பட்டியலில் சேர்ந்து இன்னும் அதிக நாள் கேட்கலாம். கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். பேர் இருக்க வேண்டும்.

பிரிட்டனில் லாரி, பஸ் ஓட்டுநருக்கு மாரடைப்பு வந்தால் குறைந்தது ஆறு வாரம் வண்டியைத் தொடக் கூடாது. பிறகு டிரெட்மில் டெஸ்ட்டில் தேற வேண்டும், பம்ப் பலம் 40 சதவீதமாவது இருக்க வேண்டும், அப்புறம்தான் லைசென்ஸ் திரும்பக் கையில் வரும். கட்டிலில் செத்த ஆறு வாரம் அங்கே ஓட்டுநர் விதியில் உயிரோடு இருக்கிறது. படுக்கச் சொல்லவில்லை, நடக்கலாம், சாப்பிடலாம், பேரப்பிள்ளையைத் தூக்கலாம். நாற்பது டன்னை மட்டும் ஓட்டாதே என்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகக் கேட்டுக்காக மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிற டிரெய்லர் ஓட்டுநருக்கும் இதே இதயம்தான், இதே தழும்புதான். அவருக்குச் சம்பளம் டிரிப் கணக்கு. டிஸ்சார்ஜ் தாளில் 'பளு தூக்க வேண்டாம், சில வாரம் ஓய்வு' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதைத் தமிழில் எழுதி, கீழே முதலாளிக்கு என்று ஒரு வரியும் சேர்த்து, எத்தனை வாரம் என்பதை எண்ணால் குறித்துக் கொடுப்பதற்கு எந்த ஆஸ்பத்திரிக்கும் பணம் செலவாகாது.